பழைய கார்டின் ஆயுள் யார் கையில்? ஆண்டாப் ஹில் கணினிகளும் லினக்ஸ் கேம் டிரைவர்களும்

வடாலாவுக்கும் சயனுக்கும் நடுவே கிடக்கும் ஆண்டாப் ஹில்லில் மத்திய அரசு ஊழியர் குடியிருப்பு உண்டு, சால்களும் ஜோபட்பட்டிகளும் உண்டு, அவற்றை இடித்து எழுப்பிய எஸ்.ஆர்.ஏ. மாடிக் கட்டடங்களும் உண்டு. இந்த மூன்றிலும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. பிள்ளைக்குக் கணினி வேண்டும், கையில் பணம் அளவாகத்தான் இருக்கிறது என்றால் இங்கிருந்து போகும் வழி கிராண்ட் ரோடு ஸ்டேஷனை ஒட்டிய லாமிங்டன் சாலை. சென்னைக்காரருக்கு ரிச்சி தெரு எப்படியோ, மும்பைக்காரருக்கு அது அப்படி. அலுவலகங்கள் கழித்துவிட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி புரோடெஸ்க், லெனோவா திங்க்சென்டர் பெட்டிகள் துடைத்து அடுக்கிய நிலையில் அங்கே கிடைக்கும். கூடவே யாரோ கழற்றி விற்ற ஒரு கிராபிக்ஸ் கார்டு. வீட்டுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் இந்த ஜோடிதான்.

2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-க்கான ஆதரவை முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 கேட்கிறது, இன்டெல் என்றால் ஏறக்குறைய 8-ஆம் தலைமுறைக்குக் கீழே இறங்குவதில்லை. கழித்துவிட்ட பெட்டிகளில் 4-ஆம், 6-ஆம் தலைமுறை ஐ5 ஏராளம். பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது, கதவைச் சாத்தியது மென்பொருள். அதனால் பலரும் உபுண்டு, மின்ட் என்று லினக்ஸ் பக்கம் திரும்புகிறார்கள். இணையம், படிப்பு, பிரிண்ட் எல்லாம் ஒரு மாலைக்குள் சரியாகிவிடும். கேம் மட்டும் மக்கர் செய்யும். கறுப்புத் திரை வரும், இல்லையென்றால் படம் ஸ்லைடு ஷோ மாதிரி நகரும், அதுவும் இல்லையென்றால் ‘பிளே’யை அழுத்தியதும் ஒன்றுமே நடக்காமல் திரும்பி வந்து நிற்கும்.

இதற்குச் சொல்லப்படும் பதில்கள் இரண்டு. லினக்ஸில் கேம் ஓடாது என்பது ஒன்று. எல்லாம் ஓடும், நீ டிரைவரைச் சரியாகப் போடவில்லை என்பது மற்றொன்று. இரண்டுமே அரைகுறை. டிரைவர் சிக்கல் என்ற ஒரே பெயரில் குறைந்தது மூன்று வேறு வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன: பொருத்துவதில் வந்த பிழை, கார்டின் தலைமுறை வகுத்த எல்லை, டிரைவருக்குச் சம்பந்தமே இல்லாத தடைகள். முதலாவதைச் சரிசெய்யலாம். இரண்டாவதை ஓரளவு சுற்றிப் போகலாம். மூன்றாவதை வீட்டில் உட்கார்ந்து எதுவும் செய்ய முடியாது. எது எது என்று பிரித்துப் பார்ப்பதும், அந்த இரண்டாவது எல்லையை யார் வகுக்கிறார்கள் என்று கேட்பதும்தான் இக்கட்டுரையின் வேலை.

அடுக்குகள்

கேமின் ஒரு காட்சி திரைக்கு வருவதற்குள் ஐந்து அடுக்குகளைக் கடக்கிறது. அடியில் கார்டும், அதற்குள் ஓடும் ஃபர்ம்வேரும். அதற்கு மேல் லினக்ஸ் கெர்னலுக்குள் இருக்கும் டிரைவர் மாட்யூல். அதற்கும் மேல் ஓபன்ஜிஎல், வல்கன் என்ற வரைகலைக் கட்டளைகளைக் கார்டின் மொழிக்கு மாற்றும் நூலகங்கள். நான்காவது, சாளரங்களை வரையும் எக்ஸ்11 அல்லது வேலண்ட். விண்டோஸுக்காக எழுதிய கேம் என்றால் எல்லாவற்றுக்கும் மேலே அதை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான்.

விண்டோஸில் டிரைவர் என்றால் ஒரே கோப்பு. இறக்கி, இரண்டு முறை கிளிக் செய்தால் முடிந்தது. லினக்ஸில் அதே வேலை இந்த அடுக்குகளில் சிதறிக் கிடக்கிறது. கெர்னல் ஒரு இடத்திலிருந்து வருகிறது, ஃபர்ம்வேர் இன்னொரு பொதியில் வருகிறது, அந்த நூலகங்களைத் தரும் மேசா தனியாக வருகிறது. ஒன்றின் வயதும் மற்றொன்றின் வயதும் பொருந்தாவிட்டால் தகராறு. மேசா பிரையன் பால் 1993-இல் தொடங்கிய வேலை. அதே ஆண்டில் தொடங்கிய வைன், விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டப் பார்த்தது. இந்த இரு பழைய திட்டங்களும்தான் இன்றைய லினக்ஸ் கேமிங்கின் இரண்டு கால்கள்.

தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் சேர்த்துக் கொடுத்தார்கள். நிறையத் தமிழ் மாணவர்கள் கண்ணால் கண்ட முதல் லினக்ஸ் அதுதான். அந்தப் பக்கம் துவக்கிப் பார்த்தவனுக்கு விளையாட அதிகம் இருந்திருக்காது. வால்வ் நிறுவனத்தின் கேம் கடையான ஸ்டீமின் லினக்ஸ் பதிப்பே 2013 பிப்ரவரியில்தான் முறைப்படி வெளிவந்தது. அப்போது லினக்ஸுக்கென்றே தனியாக எழுதிய கேம்கள் மட்டும் ஓடின; கவுன்டர்-ஸ்டிரைக் 1.6, டோட்டா 2 போன்றவை அந்த ஆண்டு வந்து சேர்ந்தன.

திருப்பம் 2016-இலும் 2018-இலும் வந்தது. 2016 பிப்ரவரியில் வல்கன் 1.0 வெளியானது. 2017-இல் பிலிப் ரெபோலே எழுதத் தொடங்கிய டிஎக்ஸ்விகே, விண்டோஸின் டைரக்ட்3டி அழைப்புகளை நேராக வல்கனாக மாற்றியது. 2018 ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் வைனையும் டிஎக்ஸ்விகேயையும் சேர்த்துப் புரோட்டான் என்று ஸ்டீமுக்குள்ளேயே வைத்தது. லினக்ஸ் பதிப்பே இல்லாத ஆயிரக்கணக்கான கேம்கள் அதன் பிறகு ஓடத் தொடங்கின. ஆனால் கூடவே ஒரு நிபந்தனையும் வந்து ஒட்டிக்கொண்டது: கார்டுக்கு வல்கன் தெரிந்திருக்க வேண்டும். 2022 நவம்பரில் வந்த டிஎக்ஸ்விகே 2.0 அதை இன்னும் இறுக்கி, வல்கன் 1.3 இருந்தால்தான் ஓடுவேன் என்றது. லாமிங்டன் சாலையில் விற்கும் பழைய கார்டுகளின் நடுவே விழுந்த கோடு இதுதான். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பதை எத்தனை முறை ஃபார்மேட் போட்டாலும் அந்தப் பக்கம் கொண்டுபோக முடியாது.

மூன்று நிறுவனங்கள், மூன்று வழிகள்

இன்டெல் தன் டிரைவரைத் தொடக்கத்திலிருந்தே திறந்த நிலையில் கெர்னலுக்குள் வைத்தது. அதனால் பொருத்தும் சிக்கல் அங்கே குறைவு. வேறு எதையும் இறக்கத் தேவையில்லை. குறை சிப்பின் திறனில். 4-ஆம் தலைமுறையான ஹாஸ்வெல்லில் ஓபன்ஜிஎல் நன்றாக ஓடும், வல்கன் ஆதரவு முழுமை பெறவில்லை. 6-ஆம் தலைமுறையான ஸ்கைலேக்கிலிருந்து வல்கன் 1.3 ஒழுங்காகக் கிடைக்கிறது. கடையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு ஐ5 பெட்டிகளுக்கு விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. கார்டு போடாமல் சின்னக் கேம்கள் ஆட நினைப்பவனுக்கு இரண்டும் வேறு வேறு உலகம்.

ஏஎம்டி கதை வேறு. 2006-இல் ஏடிஐயை வாங்கி, 2007-இல் கார்டுகளின் ஆவணங்களைத் திறந்துவிட முடிவெடுத்தது. 2015-இல் ஏஎம்டிஜிபியு என்ற புதிய டிரைவர் கெர்னலுக்குள் வந்தது. 2016-இல் டேவ் ஏர்லியும் பாஸ் நியூவென்ஹாய்சனும் வெளியிலிருந்தே ஆர்ஏடிவி என்ற வல்கன் டிரைவரை எழுதினார்கள். அது எவ்வளவு தேறியது என்றால், 2025-இல் ஏஎம்டி தன் சொந்தத் திறமூல வல்கன் டிரைவரைக் கைவிட்டு ஆர்ஏடிவி பக்கமே வந்துவிட்டது. 2022-இல் வெளியான ஸ்டீம் டெக்கில் இருப்பதும் ஏஎம்டி சிப். அந்தக் கருவிக்காக வால்வ் செலவழித்த உழைப்பு அப்படியே எல்லா ஏஎம்டி கார்டுகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

என்விடியா நெடுங்காலம் மூடிய டிரைவரையே கொடுத்தது. வேகம் நன்றாக இருக்கும், உள்ளே என்ன நடக்கிறதென்று யாருக்கும் தெரியாது. 2012-இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக மேடையில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்விடியாவை நோக்கி விரலை உயர்த்தித் திட்டியது இந்தக் கோபத்தின் உச்சம். நூவோ என்ற திறந்த டிரைவரைத் தன்னார்வலர்கள் சிப்பைத் துருவித் துருவியே எழுதி, 2010-இல் கெர்னலில் சேர்த்தார்கள். ஆனால் ஜிடிஎக்ஸ் 900 வரிசையிலிருந்து என்விடியா தன் கையெழுத்திட்ட ஃபர்ம்வேர் இல்லாமல் கார்டின் வேகத்தை ஏற்ற முடியாதபடி செய்துவிட்டது. அந்தக் கார்டுகள் நூவோவில் துவக்க வேகத்திலேயே ஊர்ந்துகொண்டிருக்கும். 2022 மே மாதம் என்விடியா கெர்னல் மாட்யூலைத் திறந்தது. அதுவும் 2018-இல் வந்த டூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் மட்டும். அதே ஆண்டு அறிவித்த என்விகே என்ற திறந்த வல்கன் டிரைவரை ஃபெய்த் எக்ஸ்ட்ராண்ட் முன்னின்று எழுதினார்; அது மேசாவில் வளர்ந்து வருகிறது. என்விகே பழைய கார்டுகளுக்கும் வல்கன் கொடுக்கிறது. ஆனால் கையெழுத்துப் பூட்டு போட்ட கார்டில் வேகம் ஏறாமல் வல்கனை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்ய?

கார்டுகளின் ஜாதகம்

அலுவலகப் பெட்டிகளின் எஸ்.எம்.பி.எஸ். சின்னது. கார்டுக்குத் தனியாக மின்சாரம் கொடுக்கும் ஒயரே பலவற்றில் இருக்காது. சில மாடல்கள் ஒல்லி. அவற்றுக்கு லோ புரொஃபைல் கார்டுதான் பொருந்தும். அதனால் கடைக்காரர் எடுத்து நீட்டும் பெயர்கள் திரும்பத் திரும்ப அதே சிலதான்.

ஜிடி 710, ஜிடி 730. மலிவு என்பதால் அதிகம் புழங்குபவை. 710 கெப்ளர் தலைமுறை. 730-இல் ஒரு பொறி இருக்கிறது: ஒரே பெயரில் இரண்டு தலைமுறைச் சிப்புகளை விற்றார்கள். 384 கோர் உள்ளது கெப்ளர். 96 கோருடன் 128-பிட் டிடிஆர்3 நினைவகம் உள்ளது அதற்கும் பழைய ஃபெர்மி. கெப்ளருக்குக் கடைசி டிரைவர் 470 வரிசை, ஃபெர்மிக்கு 390. 390-இன் பராமரிப்பு 2022-உடன் முடிந்தது, 470-இன் பராமரிப்பு 2024-உடன். அதற்குப் பிந்திய கெர்னல்களில் இவை தானாகப் பொருந்தும் என்ற உத்தரவாதம் கிடையாது. ஒவ்வொரு விநியோகத்திலும் யாராவது ஒட்டுப்போட்டுத் தந்தால் உண்டு. கெப்ளருக்கு வல்கன் 1.2 வரைதான்; ஆகவே டிஎக்ஸ்விகே 2 ஓடாது. ஸ்டீமில் அந்தக் கேமுக்கு மட்டும் புரோட்டான் 7.0-ஐத் தேர்ந்தெடுத்தால் பழைய டிஎக்ஸ்விகேயுடன் ஓட வாய்ப்பு உண்டு. ஃபெர்மிக்கு வல்கன் அறவே இல்லை. ‘ஜிடி 730-க்கு எந்த டிரைவர்?’ என்று கேட்டால் ஒருவர் ஒன்று சொல்வார், மற்றவர் வேறொன்று சொல்வார். இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே இருக்கும், கார்டுதான் வேறு.

ஜிடிஎக்ஸ் 750 டிஐ, ஜிடி 1030, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. மாக்ஸ்வெல்லும் பாஸ்கலும். தனி ஒயர் இல்லாமல் ஓடும் மாடல்கள் கிடைப்பதால் இவற்றுக்குத்தான் கிராக்கி. இன்றைக்கு இவற்றில் வல்கன் 1.3 இருக்கிறது, கேம்கள் ஓடுகின்றன. ஆனால் இவற்றுக்கு 580 வரிசையே கடைசி என்று என்விடியா அறிவித்துவிட்டது. இனிச் சில காலம் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும், அவ்வளவுதான். திறந்த மாட்யூல் இவற்றுக்குக் கிடையாது. நூவோவை நம்பலாம் என்றால் 750 டிஐ-யில் கையால் வேகம் ஏற்ற ஒரு வழியாவது உண்டு. மற்ற இரண்டிலும் கையெழுத்துப் பூட்டு குறுக்கே நிற்கிறது. 2016 அக்டோபரில் வந்த 1050 டிஐ இப்படி முன்னும் போக முடியாமல் பின்னும் போக முடியாமல் நிற்கும் கார்டு. வன்பொருளில் ஒரு குறையும் இல்லை.

ஜிடிஎக்ஸ் 1650. 2019-இல் வந்தது, டூரிங். பெயர் 1050-க்குத் தம்பி போலத் தோன்றினாலும் டூரிங் வகுத்த கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பது. திறந்த மாட்யூலும் ஓடும். 75 வாட்டுக்குள் அடங்கும் மாடல்கள் உண்டு. கொஞ்சம் கூடுதல் பணம் இருந்தால் என்விடியாவில் இதற்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது.

ஏஎம்டி பக்கம் எச்டி 5450, எச்டி 6450, ஆர்5 230 ஆகியவை டெராஸ்கேல் காலத்தவை, வல்கன் இல்லை. ஆர்7 240, ஆர்7 250, எச்டி 7000 வரிசையில் பெரும்பாலானவை ஜிசிஎன் முதல் தலைமுறை. இவற்றில் ஒரு விசித்திரம்: 6.19-க்கு முந்திய கெர்னல்கள் வழக்கமாகப் பழைய ரேடியான் டிரைவரையே பிடித்துக்கொள்ளும், அதில் வல்கன் வராது. துவக்கத்தில் இந்தத் தலைமுறைக்கான எஸ்ஐ ஆதரவை ரேடியானில் அணைத்து ஏஎம்டிஜிபியுவில் இயக்கும் இரண்டு அளபுருக்களைக் கொடுத்தால், அதே கார்டு வல்கன் 1.3 பேசத் தொடங்கும். வால்வுக்காக வேலை செய்யும் ஒரு பொறியாளர் இந்தக் குறையைப் படிப்படியாகத் தீர்க்க, 6.19 கெர்னலில் ஏஎம்டிஜிபியுவே இயல்பானது. 2012-இல் விற்பனைக்கு வந்த கார்டு கிட்டத்தட்ட 14 ஆண்டு கழித்துப் புது டிரைவர் பெறுகிறது; ஏஎம்டி தன் விண்டோஸ் டிரைவரில் அந்தத் தலைமுறையை எப்போதோ கைவிட்டுவிட்டது. அதைவிட நான்கு வயது இளைய 1050 டிஐயின் நிலையை மேலே பார்த்தோம்.

ஆர்எக்ஸ் 550, ஆர்எக்ஸ் 580 போன்ற போலாரிஸ் கார்டுகள் பொருத்திய மாத்திரத்தில் ஓடும். 580-க்குத் தனி மின்சாரம் வேண்டும், அலுவலகப் பெட்டி தாங்காது. 2022 செப்டம்பர் 15 அன்று கிரிப்டோ நாணயமான எத்திரியம் கார்டு வைத்துத் தோண்டும் முறையைக் கைவிட்டபின் உலகெங்கும் சந்தைக்கு வந்த 580-களில், தோண்டுவதற்காக பயாஸ் மாற்றியவையும் இருக்கின்றன. அப்படிப்பட்ட கார்டு கேமின் நடுவே உறைந்தால் டிரைவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அசல் பயாஸைத் திருப்பி ஏற்ற வேண்டும்.

போலிகளும் உண்டு. ஃபெர்மி சிப்பின் பயாஸில் பெயரை மாற்றி 1050 டிஐ என்று விற்பது உலகம் முழுக்க அறிந்த மோசடி. இங்கே லினக்ஸ் ஒரு நன்மை செய்கிறது. நூவோ டிரைவர் துவங்கும்போது பயாஸ் சொல்லும் பெயரை நம்பாமல் சிப்பின் பதிவேட்டையே படித்து, கெர்னல் பதிவில் சிப்பின் குறியீட்டை எழுதிவிடும். ஜிபி என்று தொடங்கினால் பாஸ்கல், ஜிஎஃப் என்று தொடங்கினால் ஃபெர்மி. ஒரு லினக்ஸ் பென்டிரைவோடு கடைக்குப் போய், பணம் கொடுப்பதற்கு முன் துவக்கிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் விஷயம் வெளிவந்துவிடும்.

கீழிருந்து மேலே

பொருத்துவதில் வந்த பிழை என்றால் தேடும் முறை ஒன்றுதான். மாடியில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் முதலில் கீழே மோட்டார் ஓடுகிறதா என்று பார்ப்போம். அதே வரிசையில் அடி அடுக்கிலிருந்து மேலே ஏற வேண்டும். பலரும் செய்வது நேர்மாறு. கேமை மறுபடி நிறுவுகிறார்கள், புரோட்டானை மாற்றுகிறார்கள், கடைசியில் லினக்ஸையே அழித்துப் போடுகிறார்கள். பிழை கெர்னல் அடுக்கிலேயே உட்கார்ந்திருக்கும்.

முதலில், கெர்னல் கார்டைப் பார்க்கிறதா, எந்த டிரைவரைப் பிடித்திருக்கிறது? எல்எஸ்பிசிஐ கட்டளையைக் கே என்ற தெரிவுடன் கொடுத்தால் இரண்டும் தெரியும். என்விடியா டிரைவரைப் போட்ட பிறகும் அங்கே நூவோ என்றே இருந்தால் புது மாட்யூல் ஏறவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் காரணம் செக்யூர் பூட். டிரைவர் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். அடுத்த துவக்கத்தில் நீலத் திரை வந்து அதையே திருப்பிக் கேட்கும். என்னவோ ஏதோ என்று என்டரைத் தட்டிவிட்டால் மாட்யூலின் கையெழுத்தைக் கணினி ஏற்காது. மறுபடி அந்தப் பதிவைச் செய்ய வேண்டும், இல்லை பயாஸில் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டும்.

இரண்டாவது, கெர்னல் பதிவு. ஃபர்ம்வேர் கோப்பைக் காணோம் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். டெபியன் 2023 ஜூனில் வந்த 12-ஆம் பதிப்பில்தான் இந்தக் கோப்புகளை நிறுவியிலேயே சேர்த்தது. அதற்கு முந்திய பதிப்புகளில் ஏஎம்டி கார்டு போட்டுக் கறுப்புத் திரையோடு முட்டிமோதியவர்கள் அநேகம். புதுக் கார்டுக்கு இதே அடுக்கில் எதிர்த்திசைச் சிக்கல் வரும்: 2025 மார்ச்சில் வெளியான ஆர்எக்ஸ் 9070-ஐ, அதற்கு முன்பே உறைந்துபோன பழைய கெர்னலிலும் மேசாவிலும் போட்டால் அது யாரென்றே தெரியாது. பழைய கார்டுக்கு நிலையான விநியோகம், புதுக் கார்டுக்குப் புதுக் கெர்னல் என்பது நல்ல பொதுவிதி.

மூன்றாவது, உண்மையில் வரைவது யார்? ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளையில் எல்எல்விஎம்பைப் என்ற பெயர் வந்தால் கார்டு சும்மா இருக்கிறது, பிராசசரே படம் வரைகிறது. ஸ்லைடு ஷோவின் ரகசியம் இதுதான். நிறுவும்போது கறுப்புத் திரையைத் தாண்ட நோமோட்செட் என்ற சொல்லைத் துவக்க வரியில் சேர்த்திருப்பார்கள். பிறகு எடுக்க மறந்திருப்பார்கள். அந்த ஒரு சொல் இருக்கும்வரை டிரைவர் எழுந்திருக்காது. வல்கனின் நிலையை வல்கன்இன்ஃபோ சொல்லும். அதில் வரும் பதிப்பு எண்ணை மேலே சொன்ன 1.3 கோட்டோடு ஒப்பிட்டாலே பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

நான்காவது, 32-பிட் நூலகங்கள். ஸ்டீமும் பழைய கேம்களும் நெடுங்காலமாக 32-பிட் நிரல்கள். 64-பிட் டிரைவரை மட்டும் போட்டிருந்தால் டெஸ்க்டாப் அழகாக ஓடும், கேம் திறக்காது. உபுண்டுவை உருவாக்கும் கனோனிக்கல் 2019-இல் 32-பிட் பொதிகளைக் கைவிடப் போவதாகச் சொன்னபோது, இனி உபுண்டுவைப் பரிந்துரைக்க மாட்டோம் என்று வால்வ் தரப்பில் எதிர்ப்பு எழுந்தது. சில நாளிலேயே முடிவு மாறியது. அத்தனை பேர் அந்த நூலகங்களை நம்பியிருக்கிறார்கள்.

மடிக்கணினியில் இன்டெல் சிப்பும் என்விடியா சிப்பும் சேர்ந்திருந்தால் இன்னொரு கேள்வி: கேம் எதில் ஓடுகிறது? 2010-இல் ஆப்டிமஸ் என்று வந்த இந்த ஏற்பாடு லினக்ஸில் பல ஆண்டு அநாதையாகக் கிடந்தது. 2019-இல் 435 டிரைவரில்தான் என்விடியா ஒழுங்கான வழி கொடுத்தது. இப்போது ஸ்டீமில் கேமின் துவக்கத் தெரிவில் பிரைம் மாறிகளைச் சேர்த்தால் போதும். வேலண்டில் என்விடியா கார்டு படத்தைச் சிமிட்டிச் சிமிட்டிக் காட்டிய தொல்லைக்கும் 2024-இல் வந்த 555 டிரைவர் பெருமளவு தீர்வு தந்தது. 470-இல் நிற்பவர்களுக்கு அது வராது. அவர்கள் எக்ஸ்11 அமர்வைத் தேர்ந்தெடுப்பதே நிம்மதி.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. விண்டோஸ் பழக்கத்தில் என்விடியா தளத்துக்குப் போய் நிறுவிக் கோப்பை இறக்கி ஓட்டுவது. அன்றைக்கு ஓடும். அடுத்த கெர்னல் புதுப்பிப்பில் கறுப்புத் திரை வரும். அது விநியோகத்தின் பொதி மேலாளருக்குத் தெரியாமல் உள்ளே புகுந்த டிரைவர் என்பதால் அதை நீக்குவதும் தலைவலி. மின்டில் டிரைவர் மேலாளர் இருக்கிறது, உபுண்டுவில் கூடுதல் டிரைவர்கள் என்ற பகுதி இருக்கிறது. அதற்குள்ளேயே நிற்பது நல்லது. புதுப்பித்த பிறகு திரை வராவிட்டாலும் பதற வேண்டாம். கிரப் பட்டியலில் முந்திய கெர்னலைத் தேர்ந்தெடுத்துத் துவக்கினால் பெரும்பாலும் பழைய நிலை திரும்பிவிடும். மின்டின் டைம்ஷிஃப்டை முன்கூட்டியே அமைத்திருந்தால் இன்னும் சுலபம்.

டிரைவர் மேல் விழும் வீண்பழி

வேலரன்ட் லினக்ஸில் ஓடாது. காரணம் டிரைவர் அல்ல, வான்கார்டு என்ற ஏமாற்றுத் தடுப்பு. அது விண்டோஸ் கெர்னலுக்குள் போய் உட்காரும் நிரல். 2021 செப்டம்பரில் ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ ஆகிய இரண்டும் புரோட்டானுக்கு வழி திறந்தன. ஆனால் அந்த வழியைத் தன் கேமில் திறப்பதா வேண்டாமா என்பது தயாரிப்பாளர் முடிவு. 2024 செப்டம்பரில் ஜிடிஏ ஆன்லைனில் பேட்டில்ஐ வந்ததும் லினக்ஸ்காரர்கள் வெளியே நின்றார்கள். அதே ஜிடிஏ 5-இன் கதைப் பகுதி ஓடுகிறது. 2024 அக்டோபர் இறுதியில் ஏபெக்ஸ் லெஜண்ட்ஸும் கதவைச் சாத்தியது. இந்தக் கேம்களுக்காக டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டு இரவைக் கழிப்பது வீண்.

மின்சாரமும் வெப்பமும் அடுத்த சந்தேகக் கைதிகள். கனமான காட்சி வரும்போது மட்டும் கேம் அணைந்து, கெர்னல் பதிவில் எக்ஸ்ஐடி 79 என்று வந்தால், கார்டு பஸ்ஸிலிருந்தே விழுந்துவிட்டது என்று பொருள். பெரும்பாலும் மலிவு எஸ்.எம்.பி.எஸ்., தளர்ந்த ஸ்லாட், இல்லை சூடு. சேவ்ரிக் கரையும் உப்பளங்களும் பக்கத்தில் உள்ள இந்தப் பகுதியில் மழைக்கால ஈரத்தோடு தூசியும் சேர்ந்தால் கார்டின் தங்க விளிம்பு மங்குகிறது. கார்டைக் கழற்றி அந்த விளிம்பைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்ப்பது லாமிங்டன் சாலை மெக்கானிக் முதலில் செய்யும் வேலை. டிரைவரைத் தொடும் முன் அதைச் செய்துவிடுவது புத்திசாலித்தனம். ஒற்றை அறை வீட்டில் சுவரோடு ஒட்டி வைத்த பெட்டிக்கு மூச்சு விட இடம் கொடுப்பதும் அப்படித்தான்.

சட்ட வழித் தடையும் உண்டு. ஏஎம்டி கார்டில் எச்டிஎம்ஐ 2.1-இன் முழு வேகத்தைத் திறந்த டிரைவரில் எழுதித் தர நிறுவனம் தயாராக இருந்தது. 2024-இல் எச்டிஎம்ஐ ஃபோரம் அனுமதி மறுத்தது. பொறியாளர்களிடம் தீர்வு இருந்தும் அதைத் திறந்த நிலையில் வெளியிட முடியவில்லை.

யார் கையில்?

தொகுத்துப் பார்த்தால் படம் தெளிவாகிறது. பொருத்தும் பிழைகள் எண்ணிக்கையில் அதிகம், தீர்ப்பதும் சுலபம். கீழிருந்து மேலே நான்கு கேள்வி கேட்டால் பெரும்பாலானவை பிடிபடும். ஏமாற்றுத் தடுப்புக்கு வீட்டில் மருந்தில்லை. நடுவில் நிற்கும் தலைமுறை எல்லைதான் உண்மையான சண்டை. அந்த எல்லை இயற்கை வகுத்தது அல்ல. ஜிசிஎன் கார்டின் சிப் 1050 டிஐயின் சிப்பைவிடப் பழையது. ஆனால் அதன் டிரைவர் திறந்து கிடந்தது. ஏஎம்டிக்கு அதில் லாபம் இல்லாமல் போன பிறகும் வேறொரு நிறுவனத்தின் பொறியாளர் எடுத்துச் செப்பனிட முடிந்தது. 1050 டிஐயைச் செப்பனிட விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள், சாவி என்விடியாவின் பெட்டிக்குள் இருக்கிறது.

கட்டற்ற மென்பொருள் பற்றிய பேச்சு பெரும்பாலும் சுதந்திரம், உரிமை என்ற தளத்திலேயே நடக்கிறது. அது தேவையான பேச்சு. ஆனால் மூன்றாம் கை கார்டு வாங்கும் வீட்டில் இது பணக் கணக்கு. புதிதாக வாங்குகிறவர் கார்டின் முதல் நான்கைந்து ஆண்டுகளை அனுபவிக்கிறார். அந்தக் காலம் முழுக்க மூடிய டிரைவரும் ஒழுங்காக வருகிறது. லாமிங்டன் சாலையில் வாங்குகிறவர் அனுபவிப்பது ஆறாவது ஆண்டிலிருந்து. மூடிய டிரைவரின் இழப்பு அவருக்குத்தான் போய்ச் சேர்கிறது. அரசு மாணவர்களுக்குக் கணினி வாங்கும்போதும் அலுவலகங்கள் மொத்தமாகக் கொள்முதல் செய்யும்போதும் டிரைவர் திறந்ததா என்று ஒரு வரி கேட்டால், அந்தப் பெட்டிகள் கழிந்து இந்தச் சாலைக்கு வரும் நாளில் அதன் பலன் தெரியும்.

அதுவரை வாங்குகிறவர் கையில் இருப்பது கடையில் கேட்கும் கேள்வி. எத்தனை ஜிபி என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். 4 ஜிபி ஜிடி 730 அந்தக் கேள்வியை நம்பியே விற்பனையாகிறது. எந்தத் தலைமுறைச் சிப், அதன் கடைசி டிரைவர் எது, வல்கன் 1.3 உண்டா என்று கேட்டுவிட்டு விலைக்கு வாருங்கள். இன்றைய நிலையில் ஒயர் இல்லாத அலுவலகப் பெட்டிக்கு ஆர்எக்ஸ் 550, கைக்கு எட்டினால் 1650, நல்ல எஸ்.எம்.பி.எஸ். இருந்தால் பயாஸ் மாற்றாத ஆர்எக்ஸ் 580. 1050 டிஐ மிக மலிவாக வந்தால் வாங்கலாம், அதன் தேதி குறிக்கப்பட்டுவிட்டது என்பதைத் தெரிந்துகொண்டு, அதற்கேற்ற விலைக்கு.